காற்றுத்துளையில் தேனீ: குத்தாலத்து வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

காவிரியின் தென்கரையில் இருக்கும் குத்தாலத்தில், சம்பா அறுவடை முடியும் தை, மாசி மாதங்களில் வீடுகளில் ஒரு முறையீடு கேட்கத் தொடங்கும்: வெண்டிலேட்டரில் தேனீ வந்துவிட்டது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, மாடிப்படிக்கு மேலுள்ள சிமெண்ட் ஜாலி, மின் மீட்டர் பெட்டி, ஏசி குழாய் போவதற்காகச் சுவரில் போட்ட ஓட்டை என்று இடம் மாறும், சிக்கல் ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனைகளும் பெரும்பாலும் மூன்றே. மருந்தடியுங்கள், இரவில் தீப்பந்தம் பிடியுங்கள், ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். மூன்றும் தவறு என்பதே இக்கட்டுரையின் முடிபு. ஏன் தவறு, எது சரி என்பதைத் தேனீயின் பக்கமிருந்தும் கொத்தனாரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாயவரம் வட்டாரத்துப் பழைய வீடு காற்றை நம்பிக் கட்டப்பட்டது. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் இடையே விட்ட சந்து, அறைகளின் உச்சியில் சிறு சாளரம். சூடான காற்று மேலே போய் வெளியேற, கீழிருந்து காற்று உள்ளே வரும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த நிலத்துக்கு இதுவே பொருத்தம். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் ஈரவெப்பப் பகுதியில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே, தேனீ வருகிறது என்பதற்காகக் காற்றுத்துளையையே இல்லாமல் செய்வது காவிரி டெல்டாவில் வழியாகாது. துளை இருக்க வேண்டும். அதில் குடியிருப்புக்கு இடம் இருக்கக்கூடாது.

இதைச் சொல்லித்தர ஆள் இல்லாததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. நெல் விளையும் மருதநிலத்துக்குத் தேன் எப்போதும் வெளியூர்ச் சரக்கு. கொல்லிமலையிலிருந்தும் பழனிமலையிலிருந்தும் வரும் பொருள் அது. தமிழ்நாட்டில் பெட்டித் தேனீ வளர்ப்பு வேர்பிடித்தது தென்கோடியில். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புறப் பணியின் ஒரு பகுதியாக 1920களில் அதை எடுத்து நடத்தியது. அதற்கும் முன்பே, 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில், திருச்சி புனித வளனார் கல்லூரியிலிருந்த பாதிரியார் நியூட்டன் நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்துப் பலருக்குப் பயிற்சியும் கொடுத்தார். நியூட்டன் பெட்டி என்று இன்றும் அதுவே தென்னிந்தியாவில் புழங்குகிறது. குத்தாலத்திலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் திருச்சி. ஆனால் அந்தக் கலை காவிரி வழியே கீழே இறங்கி வரவில்லை. சுவரில் தேனீ வந்தால் மார்த்தாண்டத்துக்காரர் பெட்டியை எடுக்கிறார், நாம் மண்ணெண்ணெயை எடுக்கிறோம்.

முதலில் வந்திருப்பது எது என்று அறிய வேண்டும். வீட்டில் பறப்பதையெல்லாம் தேனீ என்று அழைப்பதால் பாதிக் குழப்பம். கதவு நிலையில் மண்ணைக் குழைத்து ஒட்டுவது குளவி. அது தனியாக வாழ்வது, சீண்டினாலொழிய ஆளைத் தேடி வராது. மூங்கிலையும் பழைய உத்தரத்தையும் வட்டமாகத் துளைக்கும் கரிய பெரிய வண்டு தச்சுத் தேனீ. பனைமரத்திலும் புதரிலும் கூடு கட்டும் கதண்டு வேறு இனம். டெல்டாவில் அதன் கொட்டுக்கு உயிர்கள் போயிருக்கின்றன. அதைத் தீயணைப்புத் துறையினரிடம் விட்டுவிடுவதே முறை.

உண்மையான தேனீக்களில் மலைத்தேனீ பொந்துக்குள் போகாது. கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, அடுக்குமாடியின் சன்ஷேடு ஆகியவற்றின் அடியில் ஒற்றைப் பெரிய அடையைத் தொங்கவிடும். அது வெண்டிலேட்டர் வழியாக வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இரவில், விளக்கைத் தேடி. துளைக்கு அருகே எரியும் டியூப்லைட்டை அணைத்துவிட்டாலே வரத்து குறையும். கொம்புத் தேனீயும் திறந்த வெளியில், செடிகொடியில் கட்டுவது. ஆகச் சுவருக்குள் குடியேறுபவை இரண்டே: அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீ, கொசுத் தேனீ.

கொசுத் தேனீயைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அநியாயமாகக் கொல்லப்படுவது அதுதான். உடல் நீளம் 4 மில்லிமீட்டருக்குள். கொடுக்கு இருந்தும் இல்லாதது போன்றது, கொட்டாது. கூட்டைக் கலைத்தால் தலைமுடியில் சிக்கும், காதோரம் மொய்க்கும், மெல்லக் கடிக்கும், அவ்வளவே. செங்கல் இடுக்கு, ஜன்னல் கம்பிக் குழாய், சுவிட்ச் பெட்டிக்குப் பின்னுள்ள பள்ளம், ஹாலோ பிளாக்கின் உட்குழி என எங்கும் குடியேறும். வாசலில் மரப்பிசினும் மெழுகும் கலந்து சிறு குழல் ஒன்றை வெளியே நீட்டி வைக்கும். அதன் விளிம்பில் நான்கைந்து காவலாளிகள் தலைநீட்டி நிற்கும். ஆண்டுக்குச் சில நூறு கிராம் தேன்தான் சேர்க்கும், ஆனால் நாட்டு மருந்துக்காக அதைத் தேடி வாங்குகிறார்கள். கேரளத்தில் இதைச் சிறுதேனீ என்று கொட்டாங்கச்சியிலும் மண்பானையிலும் மூங்கில் குழாயிலும் வைத்து வளர்க்கிறார்கள். சுவரிலிருக்கும் கூட்டின் வாசலில் ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைக் காலிப் பெட்டியில் விட்டு, தேனீக்கள் பெட்டி வழியாகவே போய்வரும்படி செய்வார்கள். மாதக்கணக்கில் பொறுத்தால் கூடு பெட்டிக்குள் விரியும். சுவரை உடைக்க வேண்டியதே இல்லை. மின்சாரப் பெட்டிக்குள் வந்தாலன்றிக் கொசுத் தேனீயை விரட்ட எந்தக் காரணமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் அது இருக்கலாம்.

அடுக்குத் தேனீ வேறு வகை. பல அடைகளை இணையாகத் தொங்கவிடுவதால் அந்தப் பெயர். ஒரு கூட்டில் சில ஆயிரம் தேனீக்கள். சாதுவான இனம்தான், ஆனால் கூட்டைத் தொட்டால் கொட்டும். வெண்டிலேட்டர் சிக்கலின் நடுப்புள்ளி இதுவே.

அது எதைத் தேடுகிறது? கூட்டம் பிரிந்ததும் வேவுத் தேனீக்கள் நாலா திசையிலும் போய்ப் பொந்துகளைப் பார்த்துவந்து, நடனமாடி இடத்தைச் சொல்கின்றன. 1949இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டவர் ஒரு தேனீக் கூட்டத்தைக் கவனித்தபோது, நடனமாடிய தேனீக்களின் உடலில் மகரந்தம் இல்லை. சில செங்கல் தூள் படிந்து சிவந்திருந்தன, சில புகைக்கரி அப்பிக் கறுத்திருந்தன. போரில் இடிந்த நகரத்தின் சுவர்களையும் புகைபோக்கிகளையும் அவை அளந்துவிட்டு வந்திருந்தன. பின்னர் 1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சீலியும் ரோஜர் மோர்ஸும் வெவ்வேறு அளவுப் பெட்டிகளை மரங்களில் கட்டிப் பார்த்தார்கள். ஐரோப்பியத் தேனீ 10 லிட்டர் இடத்தையும் 100 லிட்டர் இடத்தையும் விட்டு 40 லிட்டர் இடத்தை விரும்பியது. 75 சதுர சென்டிமீட்டர் வாசலை விட்டு 12.5 சதுர சென்டிமீட்டர் வாசலைத் தேர்ந்தது. நம் அடுக்குத் தேனீ உருவில் சிறியது, கூட்டமும் சிறியது. சுமார் 10 லிட்டர் இருட்டறை அதற்குப் போதும்.

இதே இனம் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் துறைமுகத்தில் 2007இல் ஒரு படகின் பாய்மரக் கம்பத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. தேடத் தேட வீட்டுச் சுவர்கள், தபால் பெட்டிகள், கூரைச் சந்துகள் என்று கூடுகள் கிடைத்தன. முற்றாக ஒழிக்க முடியாது என்று 2011இல் அந்நாடு ஒப்புக்கொண்டது. மனிதர் கட்டியதில் எந்தக் குழியையும் பயன்படுத்தத் தெரிந்த உயிர் இது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கேதான் நம் வீடுகளில் நடந்த ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். இருபுறமும் திறந்த வெண்டிலேட்டரில் அடுக்குத் தேனீ தங்காது. வெளிச்சம் ஊடுருவும், காற்றோட்டம் இருக்கும், அடை கட்ட இருட்டு இல்லை. ஏசி வந்தபின் நாம் என்ன செய்தோம்? குளிர்ந்த காற்று வெளியே போகாமலிருக்க வெண்டிலேட்டரை உட்புறத்தில் பிளைவுட் வைத்து மூடினோம், தெர்மோகோல் திணித்தோம், ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்தோம். வெளிப்புற ஜாலி மட்டும் அப்படியே திறந்திருக்கிறது. சிறு வாசல், உள்ளே இருட்டு, மழை படாத சன்ஷேடு, தரையிலிருந்து எட்டாத உயரம். தேனீ கேட்கும் அனைத்தையும் நாமே அமைத்துக் கொடுத்துவிட்டோம். பழைய வீட்டில் ஓட்டுச் சந்து இருந்தது. புதிய வீட்டில் இந்தப் பாதி மூடிய வெண்டிலேட்டர் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் சுவர் எழுப்புகிறவர்களும் இதில் விழிப்பாக இருக்க வேண்டும். செங்கலையும் செலவையும் மிச்சப்படுத்தும் நல்ல முறை அது. ஆனால் சுவருக்குள்ளேயே குழிகள் உண்டு. பூச்சில் விரல் நுழையும் ஓட்டை விட்டால் உள்ளே குடித்தனம்தான்.

மரங்களின் கதையும் இதனுடன் சேர்ந்தது. ஆற்றங்கரை மருதமும் இலுப்பையும் நாவலும் வயதாகிப் பொந்து விட்டபோது தேனீக்கு இடம் இருந்தது. சாலை அகலமாகும்போது முதலில் போவது அந்த மரங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தெற்கு டெல்டாவில் தென்னையோடு எத்தனையோ பழைய மரங்களையும் சாய்த்தது. மரப்பொந்து குறைய, சுவர்ப்பொந்தின் மதிப்பு தேனீக்குக் கூடும்.

தடுப்பது எப்படி? விடை வலைதான், ஆனால் எந்த வலை என்பதில் பிழை நடக்கிறது. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அகலக் கண் கம்பி வலை அணிலைத்தான் தடுக்கும். தேனீயைத் தடுக்கக் கண்ணின் அளவு 3 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது. ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீ 1990இல் டெக்சாஸ் எல்லையைத் தாண்டியபின், அமெரிக்கத் தென்மாநிலங்களில் வீட்டுக்காரர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட அளவு எட்டில் ஒரு அங்குலம். அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். நம் தேனீ அவற்றைவிடச் சிறியது என்பதால் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கண் இன்னும் நல்லது. சாதாரணக் கொசுவலை கொசுத் தேனீயையும் தடுத்துவிடும். ஆனால் கண் சிறுக்கச் சிறுக்க ஒட்டடையும் தூசியும் அடைத்துக் காற்று நின்றுபோகும். ஆண்டுக்கு இருமுறை கழற்றிக் கழுவுகிறவர்கள் அதைப் போடலாம். நைலான் வலையை எலி கடிக்கும், வெயிலில் இற்றுப்போகும். கூடுதல் செலவானாலும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலைதான் பத்தாண்டுக்கு மேல் நிற்கும். டெல்டாவின் ஈரக்காற்றில் சாதாரண இரும்பு வலை துருப்பிடித்து உதிரும்.

வலையை வெளிப்புறத்தில் அடிக்க வேண்டும். உட்புறம் அடித்தால் வெண்டிலேட்டரின் கனம் முழுவதும் தேனீக்குத் திறந்த அறை. அலுமினியச் சட்டத்தில் பொருத்தித் திருகாணியால் முடுக்கினால் கழற்றலாம், துடைக்கலாம். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விடும் சந்தைச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். தேனீ நுழைவது பெரும்பாலும் வலையின் ஓரத்தில்தான், நடுவில் இல்லை. ஏசி குழாய் ஓட்டை, கேபிள் ஓட்டை, மீட்டர் பெட்டியின் அடித்துளை ஆகியவற்றுக்குச் சிமெண்ட் கலவையோ புட்டியோ போதும். மேஸ்திரியிடம் பூச்சு வேலைக்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் ஆகும் செலவு, பிறகு சாரம் கட்டி ஏறுவதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

வேலைக்குக் காலமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூ குறைவு, கூட்டம் பெருகாது. மழை விட்டுப் பயிரும் மரமும் பூக்கத் தொடங்கியபின் கூட்டம் பெருகிப் பிரியும். ஆகவே மார்கழிக்குள் வலை வேலையை முடிப்பது நல்லது. கூட்டம் வருவதற்கு முன் எச்சரிக்கையும் கிடைக்கும். ஒரே துளையைச் சுற்றி நாளெல்லாம் பத்திருபது தேனீக்கள் உள்ளே போவதும் வெளியே வருவதும் சுவரை அளப்பதுமாக இருந்தால் அவை வேவுத் தேனீக்கள். அவற்றின் காலில் மகரந்தம் இருக்காது. அன்று மாலை இருட்டியதும் அவை போய்விடும். அப்போது வலை அடித்துவிட்டால் கதை முடிந்தது. காலில் மஞ்சள் உருண்டையோடு தேனீ உள்ளே போகிறதென்றால் புழு வளர்ப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் அடைக்கும் பேச்சே கூடாது.

ஏன் கூடாது என்பதை விளக்க வேண்டும். உயிருள்ள கூட்டின் வாசலை அடைத்தால் தேனீ வெளிச்சம் வரும் வேறு சந்தைத் தேடும். அந்தச் சந்து அநேகமாகப் படுக்கையறைப் பக்கம் திறக்கும். மருந்தடித்தால் வேறு தொல்லை. கூட்டின் நடுவை 35 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருப்பது தேனீக்களின் உழைப்பு; தண்ணீர் கொண்டுவந்து தெளித்து இறக்கையால் விசிறிக் குளிர்விக்கும். அவை செத்தபின் அக்கினி நட்சத்திர வெயிலில் மேற்குச் சுவர் காய, அடை இளகிச் சரியும், தேன் பூச்சின் வழியே கசியும். செத்த புழுக்கள் நாறும். எறும்பும் கரப்பானும் மெழுகு அந்துப்பூச்சியும் வரும். அக்கம்பக்கத்துத் தேனீக்கள் வந்து நஞ்சு கலந்த தேனை அள்ளிச் செல்லும். அந்தத் தேனை மனிதரும் உண்ணக்கூடாது. தீப்பந்தமோ, மரச்சட்டமும் மின்கம்பியும் பிளைவுட்டும் இருக்கும் துளையில் வைக்கும் நெருப்பு. எது எரியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்துருண்டையும் கற்பூரமும் வேவுத் தேனீயைச் சில நாள் தயங்க வைக்கலாம், குடியேறிய கூட்டத்தைக் கிளப்பாது.

சரியான வழி கூட்டை இடம் மாற்றுவது. அடுக்குத் தேனீயிடம் நமக்குச் சாதகமான ஒரு குணம் உண்டு: தொல்லை கொடுத்தால் இடத்தைக் காலி செய்துவிடும். வந்து ஓரிரு நாளே ஆன, புழு இல்லாத கூட்டத்துக்குத் தேங்காய்மட்டையும் வேப்பிலையும் போட்ட மிதமான புகையே போதும். நிலைத்த கூடானால் பழகியவர் வேண்டும். பிளைவுட்டை உட்புறமிருந்து கழற்றி, புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புழு உள்ள பகுதியை மரச்சட்டத்தில் வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் வைப்பார்கள். நார் காய்ந்து அறுவதற்குள் தேனீக்கள் அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டிவிடும். ராணி பெட்டிக்குள் வந்துவிட்டால் மற்றவை தாமே பின்தொடரும். மாலை வரை பெட்டியை அங்கேயே விட்டு, இருட்டியபின் வாசலை மூடி எடுத்துச் செல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் வைத்தால் பழைய துளைக்கே திரும்பும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப்போவது நல்லது.

சுவரைத் திறக்கவே முடியாத இடத்தில் கூம்பு முறை இருக்கிறது. வாசலில் கம்பி வலையால் செய்த கூம்பைப் பொருத்தினால் வெளியே வரும் தேனீ உள்ளே திரும்ப முடியாது. பக்கத்தில் வைத்த பெட்டியில் அடையும். உள்ளிருக்கும் புழு எல்லாம் தேனீயாகி வெளிவர மூன்று வாரம் பிடிக்கும் என்பதால் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். ராணி பெரும்பாலும் வராது. இது இரண்டாம் தரமான வழிதான், ஆனால் கொலையைவிட மேல்.

கூடு போனபின் செய்யும் வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய மெழுகின் மணம் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு. அடையைச் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்தபின் சுண்ணாம்பு அடித்து, குழியை நிரப்பி, பிறகு வலை போட வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் மறு ஆண்டு அதே துளைதான்.

கொட்டுவதைப் பற்றி அலட்சியம் கூடாது. தேனீயின் கொடுக்கு தோலில் நின்று நஞ்சைத் தொடர்ந்து இறக்கும். நகத்தாலோ அட்டையாலோ உடனே சுரண்டி எடுக்க வேண்டும். பலருக்கு வலியும் வீக்கமும் மட்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டில் மூச்சுத் திணறலும் மயக்கமும் வரலாம். அவருக்குச் சுண்ணாம்பு தடவிக் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். இந்த ஆபத்து இருப்பதால்தான் ஏணியில் ஏறித் தானே முயல வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நெல்லுக்குத் தேனீ தேவையில்லை, பிறகு டெல்டாவுக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர் நெல். ஆனால் கொல்லையில் பூசணியும் பாகலும் காய்க்கத் தேனீ வர வேண்டும். கோடை எள்ளும் தென்னையும் தேனீயால் பயன்பெறுகின்றன. 1991–92இல் தாய் சாக்புரூட் எனும் வைரஸ் நோய் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் அடுக்குத் தேனீப் பெட்டிகளில் பெரும்பகுதியை அழித்தது. அப்பேர்ப்பட்ட நோய்க்குப் பின் இனம் மீள்வது காட்டிலும் ஊரிலும் தானாக வாழும் கூட்டங்களிலிருந்துதான். நம் சுவரில் வந்து நிற்பது அந்த விதைக்கூட்டம்.

மத்திய அரசு 2020இல் தேனீ வளர்ப்புக்கென 500 கோடி ரூபாய் அறிவித்தது. நாகப்பட்டினம் சிக்கலில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. குத்தாலத்துக்கு அருகிலேயே ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. இந்த நிலையங்களில் எதுவும் செய்யக்கூடிய சிறு உதவி ஒன்று உண்டு. ஒன்றியத்துக்கு நான்கைந்து இளைஞர்களுக்குச் சுவர்க்கூட்டைப் பெட்டிக்கு மாற்றும் பயிற்சி கொடுத்து, முகமூடியும் புகைக்கருவியும் நியூட்டன் பெட்டியும் தந்து, அவர்களின் தொலைபேசி எண்ணைப் பேரூராட்சி அலுவலகப் பலகையிலும் தீயணைப்பு நிலையத்திலும் எழுதி வைக்க வேண்டும். அதுவரை வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இந்த மார்கழிக்குள் வெண்டிலேட்டரின் வெளிப்புறத்தில் வலை அடியுங்கள், உள்ளே ஏற்கெனவே தேனீ இருந்தால், அதை வெளியே எடுக்கத் தெரிந்தவர் வரும்வரை துளையில் கைவைக்காதீர்கள்.